மஞ்சள் கம்பம் போகும் வழி

கும்மிடிப்பூண்டி லோக்கலில் அத்திப்பட்டு புதுநகர் வந்து இறங்கியபோது மணி ஏழரை. கூட இறங்கியவர்களில் பாதிப் பேர் கழுத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் அட்டை தொங்கியது. மீதிப் பேர் கையில் தூக்குச்சட்டி. ஷேர் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் "போர்ட்டா, கரண்ட் கம்பெனியா, கேஸா?" என்றார். நான்காவதாக ஒரு வேலைக்கு இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை போலிருக்கிறது.

"கேஸ்" என்றேன்.

2001இல் இந்தத் துறைமுகம் திறக்கப்பட்டதே நிலக்கரிக்காகத்தான். சென்னைத் துறைமுகத்தில் கரியை இறக்கி ஊரெல்லாம் கருப்பாக்குவதற்குப் பதில், அனல்மின் நிலையத்தின் வாசலிலேயே இறக்கிவிடலாம் என்ற கணக்கு. எண்ணூர் துறைமுகம் என்றிருந்த பெயர் 2014இல் காமராசர் துறைமுகம் ஆனது. வழியெங்கும் கரி வண்டிகள், கன்வேயர் பாலங்கள், சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் துருப்பிடித்த குழாய்கள். அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தை என்ன செய்தது என்பதை இங்கே இறால் தடவிப் பிழைக்கிறவர்களிடம் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வார்கள். 'சுத்தமான எரிபொருள்' என்று பெயர் வாங்கிய இயற்கை எரிவாயு இந்த இடத்தில் வந்து இறங்குவது வேடிக்கைதான்.

வாசலில் செல்போன், கைக்கடிகாரம், தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு தகர டோக்கன் கொடுத்தார்கள். நோட்டும் பென்சிலும் போதும் என்று உள்ளே விட்டார்கள். என்னைக் கூட்டிப்போன பொறியாளர் திருநெல்வேலிக்காரர். பெயர் போட வேண்டாம் என்பது முதல் நிபந்தனை. அவர் காட்டுகிற பாதையைவிட்டு விலகக் கூடாது என்பது இரண்டாவது.

இது இந்தியாவின் கிழக்குக் கரையில் அமைந்த முதல் எல்.என்.ஜி. முனையம். இந்தியன் ஆயில் கட்டியது. 2019 மார்ச் மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் இறக்கிக் கையாளலாம். எல்.என்.ஜி. என்பது குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு, முக்கால்வாசிக்கும் மேல் மீத்தேன். மைனஸ் 160 டிகிரிக்குக் கொண்டுபோனால் வாயு திரவமாகி, அதன் கனஅளவு 600இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கப்பலில் ஏற்றி விற்க முடிகிறதென்றால் இந்தச் சுருக்கத்தால்தான்.

இரண்டு வெள்ளை டேங்குகள். ஒவ்வொன்றும் 1,80,000 கன மீட்டர். கிட்டே போய் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. நான் எதிர்பார்த்தது இரைச்சலும் வாடையும். இரண்டும் இல்லை. தூரத்தில் ஏதோ ஒரு கம்ப்ரஸர் ஓடும் முனகல், அவ்வளவுதான். "தொட்டுப் பாருங்க" என்றார். சுவரில் கை வைத்தேன். வெயிலில் கிடந்த திண்ணையைத் தொட்டது மாதிரி இளஞ்சூடு. கான்கிரீட் சுவர், அதற்குள் பெர்லைட் என்ற பொரிந்த எரிமலைத் தூள், அதற்கும் உள்ளே 9 சதவீதம் நிக்கல் கலந்த எஃகு. சாதாரண எஃகு அந்தக் குளிரில் கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும், அதனால் நிக்கல். பக்கச் சுவரில் ஓர் ஓட்டைகூடக் கிடையாது. குழாய்கள், உள்ளே மூழ்கியிருக்கும் பம்புகள் எல்லாமே கூரை வழியாகத்தான் இறங்குகின்றன. ஓட்டை இருந்தால்தானே ஒழுகும்.

"இவ்வளவு குளிரா வச்சிருக்க எத்தனை மெஷின் ஓடும்?" என்று கேட்டேன்.

சிரித்தார். "ஒண்ணும் ஓடாது சார். மண்பானை எப்படிக் குளிருது? அதே மாதிரிதான். மேல கொஞ்சம் ஆவியாப் போகும், அது சூட்டை எடுத்துட்டுப் போயிரும். மிச்சம் குளிர்ந்தே கிடக்கும்."

இதைக் கேட்டதும்தான் இந்தச் சரக்கின் சுபாவம் எனக்குப் பிடிபட்டது. நிலக்கரியைக் குவித்துவைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எரிக்கலாம். பெட்ரோலும் காத்திருக்கும். இது காத்திருக்காது. வாங்க ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பானை வற்றிக்கொண்டே இருக்கும். ஆவியாகிற வாயுவைப் பிடித்து அழுத்தித் திரும்பத் திரவத்தோடு சேர்க்கிறார்கள், அல்லது குழாயில் தள்ளுகிறார்கள். ஆனால் தள்ளுவதற்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிய வேண்டும்.

திரவத்தைத் திரும்ப வாயுவாக்கப் பெரிய உலை எதுவும் வேண்டாமாம். உலகெங்கும் இப்படிப்பட்ட முனையங்களில் கடல் தண்ணீரையே மேலிருந்து ஊற்றி, அதன் சூட்டில் கொதிக்கவிடுவது வழக்கம். மைனஸ் 160இல் இருக்கிற ஒன்றுக்கு வங்கக்கடல் வெந்நீர்.

லாரிகளுக்கு நிரப்பும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நாமக்கல் பதிவெண் போட்ட டேங்கர் ஒன்று நின்றது. பிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். ஹோஸ் மாட்டிய இணைப்பில் முதலில் பனித்துளி அரும்பியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெள்ளையாகி, பஞ்சு வைத்ததுபோல் உறைபனி ஏறியது. அதிலிருந்து மெல்லிய புகை கீழ்நோக்கி வழிந்தது. எரிவாயு கசிகிறதோ என்று ஓரடி பின்வாங்கினேன். "அது நம்ம ஊர்க் காத்துல இருக்கற ஈரம்ணே, கேஸ் இல்ல" என்றார் டிரைவர். பத்து வருஷம் எல்.பி.ஜி. டேங்கர் ஓட்டியவர். "அதை ஏத்திட்டா ஏத்துனதுதான், ரோட்டப் பாத்து ஓட்டுனாப் போதும். இதுல பிரஷர் மீட்டரையும் பாத்துக்கிட்டே போவணும். வழியில நின்னா ஏறும்." கோயம்புத்தூர்ப் பக்கம் போகிறாராம். குழாய் இன்னும் எட்டாத ஊர்களுக்கு இப்படி லாரியில்தான் போகிறது. ஒரு நடைக்குச் சுமார் 17 டன்.

கப்பல்மேடை தூரத்திலிருந்து தெரிந்தது. இறக்கும் கைகள் மடக்கிவைத்த நாரைக் கழுத்துகள் மாதிரி நின்றன. கப்பல் இல்லை.

"எப்ப வரும்?"

"மாசத்துக்கு ஒண்ணு, ரெண்டு."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு கப்பலுக்கு 70,000 டன் என்று வைத்தால், 50 லட்சம் டன்னுக்கு ஆண்டுக்கு எழுபது கப்பல் வர வேண்டும். ஐந்து நாளைக்கு ஒன்று. வருவதோ அதில் கால்பங்குதான். திறந்த நாளிலிருந்து 2024-25 வரை அந்தக் கால்பங்கைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. கட்டியவர்கள் சோம்பேறிகள் அல்லர். குழாய்கள்தான் போய்ச் சேரவில்லை. கொச்சியிலும் இதே கதை. 2013இல் 50 லட்சம் டன் முனையம் தயாரானது, மங்களூருக்குக் குழாய் போய்ச் சேர 2021 ஜனவரி ஆனது. நடுவில் அத்தனை ஆண்டும் கொச்சியைச் சுற்றியிருந்த சில ஆலைகளுக்கு ஊட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குஜராத்தின் தஹேஜில் மட்டும் 2004இல் தொடங்கிய முனையம் பெரும்பாலும் நிரம்பியே ஓடியிருக்கிறது. அங்கே வரிசை தலைகீழ்: ஹஜிராவிலிருந்து ஜகதீஷ்பூர் வரை 1980களிலேயே குழாய் போட்டாயிற்று, வழியெங்கும் உர ஆலைகள் எழும்பிவிட்டன, கப்பல் வந்தது கடைசியில். நாம் தெற்கே குளத்தை வெட்டிவிட்டு வாய்க்காலுக்கு இடம் தேடுகிறோம்.

விலையும் ஒரு காரணம், சின்னக் காரணம் அல்ல. இந்த வியாபாரத்தில் எம்.எம்.பி.டி.யு. என்று வாயில் நுழையாத ஓர் அலகு உண்டு. வெப்பத்தை அளக்கும் மரக்கால் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கப்பலில் ஏறக்குறைய 35 லட்சம் மரக்கால். 2020 கோடையில் கொரோனா ஊரடக்கில் உலகம் கதவடைத்திருந்தபோது ஆசியாவின் உடனடிச் சந்தையில் மரக்கால் 2 டாலருக்கும் கீழே போனது. அதாவது கப்பல் சரக்கு 70 லட்சம் டாலர். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது, ஐரோப்பாவுக்குப் போன குழாய்கள் வற்றின, செப்டம்பர் 26ஆம் தேதி பால்டிக் கடலடியில் நார்ட் ஸ்ட்ரீம் குழாய்களே வெடித்துச் சிதறின. பணம் படைத்த ஐரோப்பா கப்பல்களை ஏலத்தில் இழுத்தது. அந்த ஆண்டு விலை 70 டாலரைத் தாண்டியது. அதே கப்பல், அதே சரக்கு, 24 கோடி டாலருக்கு மேல். ரஷ்ய நிறுவனம் ஒன்றின் சிங்கப்பூர் கிளையோடு போட்டிருந்த நீண்டகால ஒப்பந்தப்படி, பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயிலுக்கு வரவேண்டிய கப்பல்களே அப்போது வராமல் நின்றன. காகிதத்தில் கையெழுத்து இருந்தது. கப்பல் இல்லை. இரண்டு ஆண்டில் முப்பத்தைந்து மடங்கு ஏறி இறங்குகிற ஒரு பொருளை நம்பி எந்த ஆலைக்காரர் கொதிகலனை மாற்றுவார்? குஜராத்தின் மோர்பியில் ஓடு செய்கிறவர்கள், எரிவாயு விலை ஏறினால் புரொப்பேனுக்குத் தாவி, இறங்கினால் திரும்பி வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இனி சரக்கு பெருகும் என்கிறார்கள். 2023இல் அமெரிக்கா உலகின் முதல் எல்.என்.ஜி. ஏற்றுமதியாளர் ஆகிவிட்டது. கத்தார் தன் ஆண்டுத் திறனை 7.7 கோடி டன்னிலிருந்து 14.2 கோடி டன்னாக உயர்த்தக் கட்டிக்கொண்டிருக்கிறது. தஹேஜ், கொச்சி முனையங்களை நடத்தும் பெட்ரோநெட் 2024 பிப்ரவரியில் கத்தாரோடு ஆண்டுக்கு 75 லட்சம் டன் ஒப்பந்தத்தை 2028 முதல் இன்னும் 20 ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறது. கத்தாரின் கப்பல் ஒவ்வொன்றும் ஹோர்முஸ் நீரிணையின் கழுத்து வழியாகத்தான் வெளியே வர வேண்டும் என்பதையும் கூடவே நினைவில் வைப்பது நல்லது.

முனையத்தை விட்டு வெளியே வந்து டோக்கனைக் கொடுத்துச் செல்போனை வாங்கிக்கொண்டேன். எண்ணூரில் இறங்குகிற வாயு முதலில் பக்கத்து மணலிக்குப் போனது: சுத்திகரிப்பு ஆலைக்கும் உர ஆலைக்கும். பிறகு திருவள்ளூர் வழியாகப் பெங்களூருக்கும், தெற்கே புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடிக்கும் என்று 1,400 கிலோமீட்டருக்கு மேல் திட்டம். ராமநாதபுரம் முதல் தூத்துக்குடி வரை 143 கிலோமீட்டர் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டு, தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை நாப்தாவை விட்டு வாயுவுக்கு மாறியது. வரைபடத்தில் இது ஒரு கோடு. அந்தக் கோட்டை நிலத்தில் பார்க்க வேண்டும் என்றுதான் மறுநாள் திருவள்ளூர்ப் பக்கம் போனேன்.

லைன் வாக்கர் ஒருவர் ஒத்துக்கொண்டார். முப்பது வயதிருக்கும். பளபளக்கும் பட்டை போட்ட சட்டை, முதுகுப் பையில் தண்ணீர், கழுத்தில் ஜி.பி.எஸ். கருவி. குழாய் போன வழியே தினமும் எட்டுப் பத்து கிலோமீட்டர் நடப்பது அவர் வேலை. எங்கேயாவது பாதை மாறினால், நேரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால், அந்தக் கருவி ஆபீசில் காட்டிக்கொடுத்துவிடும்.

"குழாய் எங்க தம்பி?"

"நின்னுட்டிருக்கீங்களே சார், அதுக்கு மேலதான்."

கீழே பார்த்தேன். வரப்பு, அறுத்த நெல்லின் தாள், ஒரு நண்டு வளை. ஒரு மீட்டருக்குக் கீழே பஸ் டயரைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் வாயு ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே அதற்கு ஒரே அடையாளம் மஞ்சள் கம்பம். அதில் கிலோமீட்டர் எண், போன் நம்பர், தோண்டாதீர் என்ற எச்சரிக்கை. ஒரு கம்பத்தில் யாரோ மாட்டைக் கட்டியிருந்தார்கள். இன்னொன்றில் காதுகுத்து விழா போஸ்டர். தம்பி நிதானமாக அதைச் சுரண்டி எடுத்தார்.

"எதுக்குப் பயப்படணும்? வெடிச்சிருமா?"

"பொக்லைனுக்குத்தான் சார் பயப்படணும். தானா ஒண்ணும் ஆவாது. ராத்திரில எவனாவது மண் எடுக்க வந்து பல்லை வச்சான்னா போச்சு. அதனாலதான் புதுசா டயர்த் தடம் இருக்கான்னு பாத்துட்டே போவேன்." அதற்குப் பிறகு நானும் தரையையே பார்த்து நடந்தேன். ஒரு டிராக்டர் தடத்துக்குக் குனிந்தார், போட்டோ எடுத்தார், போனார். துருப்பிடிக்காமல் இருக்கக் குழாயில் மெல்லிய மின்சாரம் ஓடவிட்டிருக்கிறார்கள். அதை அளக்கும் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு ஒயர், ஒரு பல்லி.

தானாக ஒன்றும் ஆகாது என்பது முழு உண்மையல்ல. 2014 ஜூன் 27 விடியற்காலை, ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டத்து நகரம் என்ற ஊரில் குழாயிலிருந்து கசிந்த வாயு தீப்பிடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். தென்னந்தோப்புகள் நின்றபடியே கருகின. அந்தக் குழாயில் ஓடியது கிணற்றிலிருந்து வந்த ஈரம் கலந்த வாயு, உள்ளிருந்தே அரித்திருந்தது. கப்பலில் வருவது அப்படியல்ல. குளிரவைக்கும்போது தண்ணீர் இருந்தால் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் முன்பே ஈரத்தை எடுத்துவிடுகிறார்கள். ஆகவே இது காய்ந்த வாயு. வித்தியாசம் உண்மையானது. ஆனால் எண்ணூரில் 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்துக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அவர்களிடம் போய் இந்த வித்தியாசத்தை விளக்கிப் பாருங்கள். குழாய் என்றால் குழாய்தான்.

மதியம் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். கழனிக்குச் சொந்தக்காரர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். லைன் வாக்கரிடம் அவருக்குக் கோபமில்லை. "நம்ம பையன்தான்" என்றார். கோபம் வேறு இடத்தில்.

"கழனி என் பேர்ல இருக்குது. பட்டா என் பேர்ல. தீர்வை நான்தான் கட்டறேன். ஆனா கொழா போவுற இந்தப் பட்டையில ஒரு தென்னங்கன்னு வெக்க முடியாது. கெணறு வெட்ட முடியாது. ஒரு மோட்டார் ரூம் கட்ட முடியாது. நெல்லு போடு, வேர்க்கடல போடு, அவ்ளோதான்."

சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 1962ஆம் ஆண்டின் பெட்ரோலிய, கனிமக் குழாய்ச் சட்டம் நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை. 'உபயோக உரிமை'யை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மண் உங்களுடையது, அதன் அடிவயிறு எங்களுடையது என்கிற மாதிரி. கட்டடம் கூடாது, கிணறு குளம் கூடாது, மரம் கூடாது. அதற்கு ஈடாகச் சட்டம் வைத்திருப்பது நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். வெட்டுகிற மரத்துக்கும் அழிகிற பயிருக்கும் தனிக்கணக்கு. "பத்து பர்சென்ட்டு" என்று பெரியவர் விரலை நீட்டினார். "நெலத்த விக்கப் போனா வர்றவன் மொதல்ல கேக்கறதே, கொழா போவுதான்னுதான். போவுதுன்னா பாதி வெலைக்குக் கேக்கறான். அந்தப் பாதிய யார் குடுப்பா?"

இந்தக் கேள்விதான் கொங்கு நாட்டில் ஒரு பெரிய திட்டத்தையே ஆண்டுக்கணக்கில் நிறுத்தியது. கொச்சியிலிருந்து பெங்களூருக்குக் கெயில் போட நினைத்த குழாய், தமிழ்நாட்டில் கோவை தொடங்கிக் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களில் 310 கிலோமீட்டர். தோப்பும் கிணறும் நெருக்கிக்கொண்டிருக்கும் பூமி. விவசாயிகள் மறித்தார்கள். 2013இல் மாநில அரசு, வயலில் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோ என்றது. உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கமே தீர்ப்புச் சொன்னது. தீர்ப்புக்குப் பிறகும் பல இடங்களில் பொக்லைன் இறங்க முடியவில்லை. கொச்சி முனையம் பெரும்பாலும் காலியாகக் கிடந்ததற்கு இதுவும் சேர்ந்துதான் காரணம். டெல்லியில் இதை 'தாமதம்' என்று எழுதுகிறார்கள். பல்லாயிரம் கோடி முனையத்துக்கு ஒதுக்க மனம் வந்தவர்களுக்கு, அந்தப் 'பாதி விலை'க்கு ஒரு வழி செய்ய ஏன் மனம் வரவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. டேங்குக்கு 9 சதவீத நிக்கல் வேண்டும் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த நாடு இது.

பெரியவர் போகும்போது எங்களுக்கு ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். பட்டைக்கு வெளியே நின்ற மரம்.

அன்று இரவு அக்கா வீட்டுக்குப் போனேன். சென்னைப் புறநகரில் அடுக்குமாடி, நான்காவது தளம். குழாய்வழி எரிவாயு வந்து ஒரு வருஷம் ஆகிறது. பெரிய குழாயில் மணமில்லாமல் வருகிற வாயுவுக்கு நகர எல்லையில் அழுகிய முட்டை வாடையைக் கலக்கிறார்கள், கசிந்தால் மூக்குக்குத் தெரிய. அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, தெருவில் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்க்கு வரும்போது 4 பார், அடுப்புக்கு வரும்போது 21 மில்லிபார். வாயால் ஊதுகிற அளவுதான். அடுப்பின் நாசில்களை மாற்றித் துளையைப் பெரிதாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். சிலிண்டர் வாயு கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். இது லேசானது, மேலே போய்விடும். அதற்காகக் கூரையை ஒட்டி ஒரு ஓட்டை போட்டுவைத்திருந்தார்கள். அதில் குருவி கூடு கட்டப் பார்க்கிறதென்று அக்கா வலை அடித்திருந்தாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. புக் பண்ண வேணாம், தூக்க ஆள் தேட வேணாம். தோசைக்கல் காய்றதுக்குத்தான் ஒரு நிமிஷம் கூட ஆகுதோன்னு தோணுது." மீட்டரைக் காட்டினாள். கடைசி எண் சிவப்பில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு சிலிண்டரின் வெப்பம் இதில் ஏறக்குறைய 18 கன மீட்டர் என்று சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

மேடைக்கு அடியில் பழைய சிவப்பு சிலிண்டர் ஒன்று நின்றது. மேலே பலகை போட்டு வெங்காயக் கூடையை வைத்திருந்தாள்.

"இது எதுக்கு இன்னும்?"

"இருக்கட்டும்டா" என்று மாவை ஊற்றினாள். "கப்பல்ல வர்றதை நம்பி அடுப்பு வைக்க முடியுமா?"

அந்தச் சிலிண்டருக்குள் இருப்பதும் பாதிக்கு மேல் கப்பலில் வந்ததுதான். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கி, ஜனங்கள் வாளியால் அள்ளினார்களே, அதில் ஒன்று எல்.பி.ஜி. இறக்கிவிட்டுத் திரும்பிய கப்பல். அதையெல்லாம் சொல்லவில்லை. தோசை நன்றாக முறுகியிருந்தது.